திங்கட்கிழமைக்காரர்

உலகத்தில் வேலை செய்கிறவர்கள் உண்டு. வேலை செய்யாமல் காலம் தள்ளுகிறவர்களும் உண்டு. முதல் வகையைப் பார்த்துப் பரிதாபப்படுகிறோம், இரண்டாம் வகையைப் பார்த்துப் பொறாமைப்படுகிறோம். இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஓர் இனம் சத்தமில்லாமல் பெருகிக்கொண்டிருப்பதைக் கவனித்தீர்களோ என்னவோ. வேலை செய்வதற்கு ஆயத்தம் செய்கிற இனம் அது. இவர்களைச் சோம்பேறிகள் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். உங்களையும் என்னையும்விட அதிகம் உழைக்கிறவர்கள் இவர்கள்தான். என்ன, அந்த உழைப்பு முழுவதும் வேலையின் வாசற்படி வரைக்கும் வந்து, செருப்பைக் கழற்றி ஒழுங்காக அடுக்கி வைத்து, மிதியடியை நேராக்கிவிட்டுத் திரும்பிப் போய்விடும்.

இவர்களை அடையாளம் காண்பது கடினமில்லை. பேச்சை "இனிமேல்" என்று ஆரம்பிப்பார்கள். இவர்கள் வீட்டு அலமாரியில் முதல் நான்கைந்து பக்கம் மட்டும் முத்து முத்தான கையெழுத்தில் நிரம்பி, மீதியெல்லாம் புது மணம் மாறாமல் இருக்கும் நோட்டுகள் வரிசையாக நிற்கும். கிழமைகளில் இவர்களுக்குப் பிடித்தது திங்கள். புதன்கிழமை மத்தியானம் ஒரு நல்ல பழக்கத்தைத் தொடங்கிய ஆளை இந்த இனத்தில் காட்டுங்கள் பார்ப்போம். முடியாது. வாரத்தின் நடுவில் தொடங்கினால் அட்டவணையில் திங்கள், செவ்வாய்க் கட்டங்கள் காலியாகக் கிடக்குமே! அந்தக் காலியை இவர்களால் தாங்க முடியாது. அதற்குப் பதில் அட்டவணை முழுவதையும் காலியாக விட்டுவிடுவார்கள்.

பொதுவாகச் சொல்லிக்கொண்டே போனால் உங்களுக்கு நம்பிக்கை வராது. ஒருவரைப் பிடித்து வெளிச்சத்தில் நிறுத்திப் பார்க்கலாம்.

அவர் தண்ணீர்க் குழாய் தயாரிக்கும் நிறுவனமொன்றில் கொள்முதல் பிரிவில் இருக்கிறார். திருகு, வாஷர், பித்தளைத் துண்டு என்று சில்லறைச் சாமான்களை நல்ல விலைக்கு வாங்கிப் போடுவது அவர் வேலை. அலுவலகத்தில் அவருக்குப் பெயர் திங்கட்கிழமைக்காரர். அந்தப் பெயர் அவருக்குத் தெரியும். வாரத்தின் முதல் நாளில் மற்றவர்களெல்லாம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வரும்போது தான் ஒருவர் மட்டும் உற்சாகமாக வருவதைப் பாராட்டித்தான் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நாம் போய் அதைக் கெடுப்பானேன்?

அவருடைய காலையைப் பாருங்கள். சூரியனுக்கு முன்னால் எழுந்துவிடுவார். எழுந்து, படுக்கையை உதறி மடித்து, வெந்நீர் குடித்து, மேசையைத் துடைத்து, பேனாக்களை நிறவாரியாக அடுக்கி, நீலத்துக்குப் பக்கத்தில் பச்சை வந்துவிட்டதைக் கண்டு மாற்றி, அன்றைய வேலைகளை எழுதி, எழுதியதை முக்கியமானவை, மிக முக்கியமானவை, முக்கியம்போலத் தோன்றுகிறவை என்று பிரித்து, பிரித்ததற்கு வண்ணம் பூசி நிமிரும்போது அலுவலகத்துக்கு நேரமாகிவிடும். அவ்வளவு அதிகாலையில் எழுந்ததால் மத்தியானம் அலுவலக நாற்காலியிலேயே தலை சாயும். அதற்குச் "சக்தி மீட்பு இடைவேளை" என்று அட்டவணையில் இடம் உண்டு. அந்தக் கட்டத்தில் மட்டும் ஒருநாளும் குறி தவறியதில்லை.

குறிப்பு எடுப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கேட்டது, படித்தது, யாரோ மின்தூக்கியில் சொன்னது, எல்லாவற்றையும் கைபேசியில் குறித்துக்கொள்வார். அந்தக் குறிப்புகள் ஒரு செயலியில் இருந்து இன்னொரு செயலிக்கு அடிக்கடி குடிபெயரும். வாடகை வீட்டுக்காரர்கள்கூட அத்தனை தடவை சாமானைக் கட்டியிருக்க மாட்டார்கள். ஒவ்வொரு தடவையும் பெட்டி மாறும், பெட்டிக்குள் பெட்டி வரும், பெட்டிகளுக்குப் பெயர் வைக்கும் முறை பற்றி ஒரு பெட்டி வரும். ஒருநாள் மேலாளர் வந்து ரப்பர் வாஷரின் புது விலை என்ன என்று கேட்டார். நம்மவர் முகம் மலர்ந்தது. குறித்து வைத்திருக்கிறேன், ஒரு நிமிஷம் என்றார். பொருட்கள் என்ற பெட்டியில் தேடினார், விலைகள் என்பதில் தேடினார், ரப்பர் என்பதில் தேடினார். இவர் தேடிக்கொண்டிருக்கும்போதே மேலாளர் கடைக்காரருக்குப் போன் போட்டு, விலை கேட்டு, நலம் விசாரித்து, பேசி முடித்துவிட்டுப் போய்விட்டார். அன்று சாயங்காலம் நம்மவர் "தேடும் முறையைச் சீரமைத்தல்" என்று ஒரு புதுத் திட்டம் தொடங்கினார். எப்போதிலிருந்து என்று கேட்க வேண்டாம்.

கைபேசி நேரத்தைக் குறைப்பதும் அவருக்கு நெடுநாள் இலட்சியம். அதற்காகத் திரையை வண்ணமில்லாமல் கறுப்பு வெள்ளையாக்கினார். விளையாட்டுகளை நீக்கினார். நீக்கிய இடத்தில், கைபேசியை எவ்வளவு நேரம் பார்க்கிறோம் என்று காட்டும் செயலியைப் போட்டார். அதை எவ்வளவு நேரம் பார்க்கிறோம் என்று காட்ட ஒன்று இல்லையே என்பது அவருக்கு இன்றும் குறை. "இன்றிலிருந்து நான் கைபேசியைக் குறைக்கிறேன், நண்பர்கள் பொறுத்தருள்க" என்று கைபேசியில் அறிவித்துவிட்டு, எத்தனை பேர் பாராட்டினார்கள் என்று படுக்கப் போகும்வரை எடுத்து எடுத்துப் பார்த்தார். நல்ல காரியத்துக்கு ஊக்கம் வேண்டாமா?

இதெல்லாம் அவருடைய சொந்த விஷயம், யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் அவருக்கு ஒரு மகள் இருக்கிறாள்.

ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள். சைக்கிள் வேண்டும் என்று கேட்டாள், வாங்கிக் கொடுத்தார். ஓட்டக் கற்றுக்கொடு என்றும் கேட்டாள், கட்டாயம் என்றார். அன்றைக்கே கற்றுக்கொடுத்திருந்தால் அவர் இந்த இனத்தைச் சேர்ந்தவர் ஆகமாட்டார், எனக்கும் எழுத விஷயம் இருந்திருக்காது. "மகளுக்குச் சைக்கிள்" என்று ஒரு பெட்டி திறந்தார். சமநிலை என்பது என்ன, பயத்தைப் போக்குவது எப்படி, பிள்ளைகளின் முழங்கால் அமைப்பு, சரியான இருக்கை உயரம் என்று குறிப்புகள் சேர்ந்தன. முழங்கைக் கவசத்தில் எது நல்லது என்று ஒப்பிட்டு ஒரு பட்டியல் தயாரானது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இவர் சுரைக்காயைக் கொடியோடு ஏட்டில் ஏற்றிக்கொண்டிருந்தார். நடுவில் பிள்ளை வளர்ந்துவிட்டாள். ஒருநாளும் ஓட்டாத சைக்கிளுக்கு இருக்கையை உயர்த்த வேண்டி வந்தது. அந்தச் சைக்கிளோ மாடிப்படிக்குக் கீழே கம்பியோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டப்பட்டு, தூசி படிந்து நின்றது.

அவர் மனைவி மருத்துவமனையில் உடற்பயிற்சிச் சிகிச்சை தருகிறவர். இடுப்பு உடைந்தவர்களையே எழுப்பி நடக்கவைக்கிற கை. அந்த அம்மாளுக்கு ஒரு பிள்ளையைச் சைக்கிளில் ஏற்றிவிடுவது பெரிய விஷயமா? வா, நானே கற்றுக்கொடுக்கிறேன் என்று பலமுறை கூப்பிட்டார். மகள்தான் மறுத்துவிட்டாள்.

"வேண்டாம்மா. அப்பா கத்துத் தரேன்னு சொல்லியிருக்கார். எவ்வளவு எழுதி வச்சிருக்கார் தெரியுமா? நீ கத்துக் குடுத்துட்டா பாவம், அழுதுடுவார்."

இப்படியே நாள் போய்க்கொண்டிருந்தபோது பள்ளியில் ஓர் அறிவிப்பு வந்தது. சனிக்கிழமை வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் ஏரிக்கரைக்குச் சைக்கிளில் போகிறார்கள். வெள்ளிக்கிழமை விளையாட்டு ஆசிரியர் முன்னால் மைதானத்தை ஒரு சுற்று சுற்றிக் காட்டவேண்டும். காட்டாதவர்கள் சாப்பாட்டுக் கூடைகளோடு வேனில் வரலாம். வேனில் போகப்போவது யார் யார் என்று பிள்ளைகள் கணக்கெடுத்துவிட்டார்கள். ஒரே ஒருத்திதான் இருந்தாள். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது மகள் அழவில்லை. அழுதிருந்தால் நம்மவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"எனக்குக் கூடையெல்லாம் பிடிச்சுக்கிட்டு உக்கார வேண்டாம்ப்பா," என்று மட்டும் சொன்னாள்.

அவருக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. ஒன்று சொல்லியாக வேண்டும். மகள்மேல் அவருக்கு உயிர். இந்த இனத்தார் யாரும் கெட்டவர்கள் இல்லை, அதுதான் இவர்களோடு சண்டை போடவும் முடியாத சங்கடம். வியாழக்கிழமை சாயங்காலம் சீக்கிரம் வந்துவிடுகிறேன், கவனம் முழுவதும் உனக்கே என்று வாக்குக் கொடுத்தார். சொன்னபடி சீக்கிரம் வந்தும் விட்டார். நம் சரித்திரத்தில் அது பொன்னெழுத்தில் பொறிக்கவேண்டிய நாள்.

வந்தவர் நேராகக் கீழே இறங்கிப் போயிருக்கலாம். கவனம் சிதறக்கூடாதே! அதற்கென்றே அவர் புதிதாக ஒரு பெட்டி வாங்கி வைத்திருந்தார். கனத்த கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக். மூடியில் ஒரு திருகு. கைபேசியை உள்ளே போட்டு, எவ்வளவு நேரம் என்று திருகி மூடிவிட்டால், அந்த நேரம் முடியும்வரை தலைகீழாக நின்றாலும் திறக்காது. அவர் உடை மாற்றினார், முகம் கழுவினார், சட்டைப்பையில் கிடந்ததையெல்லாம் வழித்தெடுத்துப் பெட்டிக்குள் போட்டார். அன்றைய வேகத்தில் கொஞ்ச நேரம் போதும் என்று தோன்றவில்லை. மறுநாள் விடிகிறவரைக்கும் திருகினார். பெட்டி 'டிக்' என்றது. அந்தச் சத்தத்தில் அவருக்கு உடம்பெல்லாம் ஒரு சுத்தம் பரவியது.

கீழே மகள் சைக்கிளைத் துடைத்து வைத்திருந்தாள். முழங்கைக் கவசம் போட்டுக்கொண்டு தயாராக நின்றாள்.

"சாவி குடுப்பா."

அவர் பைக்குள் கையை விட்டார். இன்னொரு பைக்குள் விட்டார். பிறகு மாடியைப் பார்த்தார், மகளோடு மேலே ஏறினார்.

சாவிக்கொத்து பெட்டிக்குள் இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் அழகாகத் தெரிந்தது. கைபேசிக்கு மேலே, சைக்கிள் பூட்டின் சின்னச் சாவி முகத்துக்கு நேராகக் கிடந்தது. மாற்றுச் சாவி எங்கே என்று மனைவி கேட்டார். அதைப் பத்திரமான ஓர் இடத்தில் வைத்திருப்பதாகவும், எந்த இடம் என்பதைக் குறித்து வைத்திருப்பதாகவும் அவர் சொன்னார். குறிப்பு எங்கே? கைபேசியில். கைபேசி எங்கே? மூன்று பேரும் பெட்டியைப் பார்த்தார்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை கேட்டிருக்கிறோம். இங்கே தாழி உடையவில்லை, அதுதான் சிக்கல்.

மனைவி சமையலறைக்குப் போய்ச் சுத்தியலோடு வந்தார். நம்மவர் பெட்டியை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

"உடைச்சுட்டா அப்புறம் இது மேல எனக்கு எப்படி நம்பிக்கை வரும்? ஒரு கட்டுப்பாடுன்னா கட்டுப்பாடா இருக்கணும் இல்லையா?"

"உங்க கட்டுப்பாட்டைக் கொஞ்சம் கீழ வைங்க," என்றார் மனைவி. "அவ முகத்தைப் பாருங்க."

பார்த்தார். மகள் முழங்கைக் கவசத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கோபமாக இல்லை, வழக்கமான ஒரு காரியம்போல, ஒட்டுப்பட்டையை நிதானமாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவர் பெட்டியை மேசையில் வைத்துவிட்டார்.

சுத்தியல் இறங்கியிருக்கும். கீழ்வீட்டில் குடியிருக்கும் பேருந்து ஓட்டுநர் அம்மாள் அந்தச் சமயம் பணிமுடிந்து வந்து சேர்ந்ததால் பெட்டி தப்பித்தது. படிக்கட்டிலேயே விஷயத்தைக் கேட்டு, என் சைக்கிளை எடுத்துக்கோயேன், இதற்குப் போய்ச் சுத்தியலா என்று சொல்லிவிட்டார். அவர் பணிமனைக்குப் போய்வரும் சைக்கிள் அது. மணி அடிக்காது, மற்ற எல்லாம் அடிக்கும். நம்மவர் அதைச் சுற்றிவந்து பார்த்தார். இருக்கை உயரம் தன் குறிப்பில் உள்ளதைவிடக் கொஞ்சம் கூடுதல் என்றும், கைப்பிடியின் கோணம் ஆரம்பப் பாடத்துக்கு ஏற்றதில்லை என்றும், பாடத்தின் முதல் பகுதி பயம் போக்கும் உரை என்பதால் அந்தக் குறிப்பில்லாமல் தொடங்குவது முறையாகாது என்றும் சொல்ல ஆரம்பித்தார்.

"என்னங்க," என்றார் மனைவி. "சீட்டைப் பிடிங்க. ஓடுங்க."

பிடித்தார். ஓடினார்.

கையில் குறிப்பில்லை, பையில் கைபேசியில்லை, மணி என்ன என்றுகூடத் தெரியாது. தெருவோரத்தில் நிறுத்தியிருந்த வண்டிகளையும் சிமெண்டு மூட்டைகளையும் தாண்டி, ஒரு கையால் இருக்கையையும் மறு கையால் நழுவும் கால்சட்டையையும் பிடித்துக்கொண்டு, மூச்சிரைக்க ஓடினார். விட்டுடாதப்பா, விட்டுடாதப்பா என்று மகள் முன்னாலிருந்து கத்தினாள். விடவில்லை, விடவில்லை என்று இவர் பின்னாலிருந்து கத்தினார். ஒரு செருப்பு எங்கோ போயிற்று. மகள் ஒருமுறை சுவரில் மோதினாள். ஒருமுறை இவர் மோதினார். இருவரும் எழுந்து சிரித்தார்கள். திரும்பவும் ஓடினார். பல வருஷங்களாக அவர் அடைய முயன்றுகொண்டிருந்த அந்த முழுக் கவனம் என்பது அன்றைக்கு அவரிடம் வந்து இருந்தது. அது வந்திருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்.

இருட்டத் தொடங்கும் நேரத்தில் கைப்பிடியின் ஆட்டம் நின்றது. இருக்கை தன் கையை விட்டு முன்னே இழுப்பதை உணர்ந்தார். விட்டார். மகள் போய்க்கொண்டே இருந்தாள். சக்கரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தூரத்தில் தெருமுனையைப் பார்த்ததும்தான் அவளுக்குச் சமநிலை வந்தது என்று அவருக்குப் பளிச்சென்று புரிந்தது. அடடா! எத்தனை குறிப்பு எடுத்தும் கிடைக்காத உண்மை அல்லவா? மறப்பதற்குள் பிடித்துவிட வேண்டாமா?

ஓட்டுநர் அம்மாளின் சட்டைப்பையில் பேனா இருந்தது. அதைக் கேட்டு வாங்கி, நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து, தெருவிளக்கு வெளிச்சத்துக்குக் கையைத் திருப்பிப் பிடித்து, உள்ளங்கையில் எழுதத் தொடங்கினார். முதலில் தலைப்பு.

அந்த நேரத்தில் அவருடைய ஒரே மகள் தெருமுனை வரை தன்னந்தனியாக ஓட்டிப்போய், விழாமல் வளைந்து, ஓட்டுநர் அம்மாள் கைதட்ட, அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்ள, அப்பாவைத் தாண்டி வந்து நின்றாள்.

"பாத்தியாப்பா?"

"பாத்தேன்மா," என்றார் அவர், மூடாத பேனாவோடு.

மகள் அவர் கையைப் பார்த்தாள். பரவாயில்லை என்பதுபோல் தலையை ஆட்டினாள்.

"இன்னொரு ரவுண்டு வர்றேன். இந்த தடவை எழுதாதப்பா."

இந்தத் தடவை அவர் எழுதவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பிள்ளை போவதையும் வளைவதையும் வருவதையும் முழுக்கப் பார்த்தார். இனிமேல் இவளைப் பார்க்காமல் ஒருநாளையும் விடக்கூடாது என்று நினைத்தார். "இனிமேல்" என்றதும் உங்களுக்குச் சுருக்கென்றிருக்குமே? எனக்கும் அப்படித்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பெட்டி தானாகத் திறந்துகொண்டது. மகள் சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்து, தன் சைக்கிளிலேயே மைதானத்தைச் சுற்றிக் காட்டிவிட்டு வந்தாள். நம்மவர் கைபேசியை எடுத்துப் பழக்கங்களின் பட்டியலில் புதிதாக ஒன்று சேர்த்தார்: மகளைப் பார்த்தல், தினமும். அதற்கு ஒரு வண்ணம் தேர்ந்தார். நினைவுறுத்த ஒரு மணி வைத்தார்.

சனிக்கிழமை காலை ஏரிக்கரைக்குக் கிளம்பும் சத்தம் கீழே கேட்டது. பிள்ளைகள் தெருவில் மணியடித்துக்கொண்டு நின்றார்கள். நம்மவர் மேசையில் குனிந்து, அந்த நினைவூட்டு மணிக்கு எந்த ஓசை பொருத்தம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மனைவி பால்கனியிலிருந்து கூப்பிட்டார்.

"கிளம்பிட்டா. வந்து பாருங்க."

"வரேன், வரேன். இது திங்கட்கிழமையிலிருந்துதான் ஆரம்பம்."

மனைவி உள்ளே வந்தார். கைபேசியை அவர் கையிலிருந்து எடுத்தார். சாவிக்கொத்து ஆணியில் தொங்குகிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். கைபேசியைப் பெட்டிக்குள் போட்டு, திருகை இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும் திருகி, மூடினார். 'டிக்'.

"எதுவரைக்கும்?" என்று பதறினார் அவர்.

"திங்கட்கிழமை வரைக்கும்."

வேறு வேலை இல்லாததால் அவர் பால்கனிக்குப் போனார். மகள் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தாள். மேலே பார்த்தாள், ஒரு கையை எடுத்து ஆட்டினாள். சைக்கிள் ஒரு துள்ளுத் துள்ளியது. இவர் உயிரும் துள்ளியது. அவள் சமாளித்துக்கொண்டு வளைவில் மறைந்தாள். அதை அவர் பார்த்தார். எந்தக் கட்டத்திலும் குறி விழவில்லை.

அவர் கதை இத்தோடு இருக்கட்டும். நீங்கள் எப்படி? இதைப் படிக்க உட்காருவதற்கு முன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, மேசையை ஒழித்து, கைபேசியைக் கவிழ்த்து வைத்தீர்களா? நடுவில் எங்காவது, இதைப் படமெடுத்துப் பத்திரப்படுத்தி அப்புறம் நிதானமாகப் படிக்கலாம் என்று கை போனதா? எனக்குத் தெரிந்த இன்னாருக்கு இது அப்படியே பொருந்தும், அனுப்பி வைக்கலாம் என்று தோன்றியதா? பயப்படாதீர்கள், ஆரம்ப நிலைதான். அடுத்த அறையில் யாரோ உங்களைக் கூப்பிட்டு வெகுநேரம் ஆகிறது, எழுந்து போனால் சரியாகிவிடும். போகிறேன், இனிமேல் கூப்பிட்ட உடனே போகிறேன் என்று நீங்கள் முடிவெடுப்பதில் எனக்கும் மகிழ்ச்சிதான். எந்தக் கிழமையிலிருந்து என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள்.